கேட்டு வராத குடை

அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் ஆறு வரி எழுதினார்.

பெயர், பிறந்த தேதி. வயது எண்பத்து நான்கு. உயரம் நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். பணி: ரயில் நிலையம், காணாமல்போன பொருள்கள் அலுவலகம், முப்பத்து நான்கு ஆண்டுகள். கணவர் தபால்காரர், முன்பே காலமானார். பிள்ளைகள் இரண்டு, பேத்தி ஒன்று. கடைசி நாள் வரை செயல்பாடு திருப்திகரம்.

அக்கா மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்; டாக்டர்களின் கிறுக்கலையே கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள்.

"மாமா, இது பாட்டியா, லிஃப்ட்டா?"

"எல்லாம் சரியான தகவல்தான்."

"எத்தனை பேர் ஏறலாம்னு மட்டும் எழுதலையே."

லிஃப்ட்காரருக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தாறு வருடமாக மாடி மாடியாகப் போய் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற மனிதர் அவர். கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு நேரத்துக்கு மூடுகிறதா, தரைக்கும் பெட்டிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று பார்த்து, அறிக்கையின் அடியில் ‘பரிசோதித்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் வேலை முடிந்தது. லிஃப்ட்காரர் என்ற பெயரே அம்மா வைத்ததுதான். அறிக்கைக்கு மேல் எதுவும் எழுதி அவருக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை மதியம் அக்கா போன் செய்தபோது அவர் ஒரு கட்டடத்தின் பதினான்காம் மாடியில் இருந்தார். அம்மா பாதி டீயை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியிலேயே போய்விட்டார் என்று அக்கா சொன்னார். லிஃப்ட்காரர் மிச்சமிருந்த சோதனைகளையும் முடித்து, அறிக்கையை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். தேதியை மட்டும் ஒரு வருடம் முன்னால் தள்ளிப் போட்டிருந்தார். மறுநாள் அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்கள் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

இப்போது வியாழக்கிழமை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள அறையில் அம்மாவை நினைத்துப் பேச ஆட்கள் வரப்போகிறார்கள். முதலில் மகன் எழுதிய பக்கத்தைப் படிக்க வேண்டும்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அக்கா மகள். "இந்தத் தாளை எடுத்துட்டு பாட்டியோட கவுன்ட்டர்ல போய் நின்னு, எங்கம்மாவைத் தொலைச்சிட்டேன், குடுங்கன்னா, குடுத்திருப்பாங்களா?"

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். கொடுத்திருக்க மாட்டார். உயரம் தெரிந்தவன் எல்லாம் சொந்தக்காரன் ஆகிவிட முடியாது என்பது அந்தக் கவுன்ட்டரின் முதல் விதி.

அந்த அலுவலகம் கடைசி நடைமேடையின் கோடியில், கழிப்பறைக்கும் சரக்கு லிஃப்ட்டுக்கும் நடுவில் இருந்தது. அறை என்று சொன்னால் அறை. உள்ளே சுவரோடு ஐந்து தட்டுகள். முதல் தட்டில் பைகள், இரண்டில் பெட்டிகள், மூன்றில் துணிமணி, நான்கில் குடைகள். ஐந்தாம் தட்டில், எதிலும் சேராதவை: ஒற்றைச் செருப்பு, தையல் மிஷின் தலை, பல்செட், யாரோ பாதி பின்னிய கம்பளிச் சட்டை. ரயிலில் கிடைத்த ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒரு சீட்டு எழுதிக் கட்டுவார். எண், தேதி, கிடைத்த இடம். அடையாளம் என்ற வரியைச் சீட்டின் அடிப்பக்கம் எழுதி, அதை மேலே மடித்து, குண்டூசி குத்திவிடுவார். கேட்டு வருகிறவர் சொன்ன பிறகுதான் ஊசியை எடுப்பார்.

"சொல்லுங்க, என்ன தொலைச்சீங்க?"

"கறுப்புப் பெட்டி."

"இங்க பதினேழு கறுப்புப் பெட்டி இருக்கு. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்க."

"பூட்டு வெள்ளி நிறத்துல இருக்கும்."

"அது எனக்கே தெரியுதே. வேற?"

வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாராம். "உள்ள ஒரு துணி முயல் இருக்கும். அது இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது." அம்மா சிரிக்காமல் பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆள் யார் என்று வீட்டில் எத்தனை தடவை குடைந்தும் சொல்லவில்லை. ‘பெரிய வேலையில இருக்கறவர்’ என்பதோடு சரி.

"சொந்தக்காரன்னா எங்கேயாவது ஒரு இடத்துல வெட்கப்படுவான்" என்பார் அம்மா. "கூச்சமே இல்லாம கடகடன்னு சொல்றவனை நம்பவே கூடாது."

இப்படித்தான் அவருக்கு ஸ்டேஷனில் ‘அடையாளம் அம்மா’ என்று பெயர் வந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பொருள் ஆள் மாறிப் போனது. ஒரு பெரியவர் பல்செட்டைக் கேட்டு வந்தார், கூச்சப்பட்டார், போட்டுக் காட்டினார், வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். "அம்மா, இது என்னோடது இல்ல. என்னோடது வீட்டுலயே கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. ஆனா இதுதான் நல்லாக் கடிக்குது." அம்மா அதையும் பதிவேட்டில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். பல்செட்டைத் திரும்ப வாங்கினாரா என்பதில் மட்டும் வீட்டில் இரண்டு கட்சி உண்டு.

பொருளைக் கொடுத்து அனுப்பும்போது எல்லாரிடமும் ஒன்று சொல்வார். "அடுத்த தடவை எறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்க." மந்திரி வந்தாலும் அதுதான், மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் அதுதான்.

வீட்டிலும் அம்மா அதே அம்மாதான். தபால்காரரான அப்பா, "நான் வீடு தேடிப் போய்க் குடுக்கறவன், இவ தேடி வந்தாத்தான் குடுக்கறவ. ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்தோம்னே தெரியல" என்பார். அக்காவை ஒருத்தர் காதலித்து, கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைக் கவுன்ட்டரில் நிற்கவைக்கிற மாதிரி வாசற்படியிலேயே நிற்கவைத்து, "என் பொண்ணைப் பத்தி உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்க" என்றார். அவர் வியர்த்துப்போய், "கோபம் வந்தா எடது காது மட்டும் செவக்கும்" என்றார். அக்காவின் இடது காது அப்போதே சிவந்தது. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "குடுத்துடலாம்" என்றார்.

பேத்திக்கு முதல் பல் விழுந்தபோது அதற்கும் எண் போட்டுச் சீட்டுக் கட்டினார். கிடைத்த இடம்: ரொட்டித்துண்டு. பேத்தி அழுதுகொண்டே வந்து, "அது என் பல்லு" என்றாள். "அடையாளம்?" என்றார் பாட்டி. பேத்தி வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள். இன்றைக்கும் அந்தப் பல் சீட்டோடு அவளிடம் இருக்கிறது.

அந்த வீட்டில் யாரும் எதையும் தொலைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் அது பிரசித்தம். சாவி, பேனா, கைக்குட்டை எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும். லிஃப்ட்காரர் அந்தப் பெருமையில்தான் வளர்ந்தார். அந்தப் பெருமைதான் அவர் கழுத்தைப் பிடித்தது என்பது இத்தனை காலம் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

குடைக் கதையையும் சொல்லிவிட வேண்டும். முதல் சம்பளம் வாங்கியதும் லிஃப்ட்காரர் அம்மாவுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தார். மறு வருடம் மழைக்கு முன்னால் இன்னொன்று. அதற்கு மறு வருடமும். வேலை ஊரில் இருந்து ரயிலேறி வரும்போது கையில் இனிப்பு இருக்கிறதோ இல்லையோ, குடை இருக்கும். மொத்தம் முப்பத்தாறு.

"போன வருஷக் குடைக்கு என்னடா கேடு?"

"ஒண்ணுமில்ல. இருக்கட்டும்மா, வச்சுக்கோ."

அம்மா குடையை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பார். "சொல்லு" என்பார். "என்னத்தைச் சொல்ல?" என்பார் லிஃப்ட்காரர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, கை கழுவிட்டு வா" என்று எழுந்துவிடுவார். வருடா வருடம் இதே பேச்சு, வார்த்தை மாறாமல்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அம்மா குடைகளுக்கெல்லாம் சீட்டுக் கட்டிக் குடியிருப்புவாசிகளுக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தார். மழை வந்தால் மூன்று மாடியிலிருந்தும் ஆள் வந்து கதவைத் தட்டும். "என் பையன் குடைக்கடை வச்சிருக்கான்" என்று புதிதாகக் குடிவந்த ஒருத்தரிடம் அம்மா முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லிவிட்டார். அவர் லிஃப்ட்காரரைப் பார்க்கும்போதெல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்பார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா அம்மாவின் அறையை ஒழிக்க ஆரம்பித்தார். கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முறை என்றால் முறை. மர முக்காலியில் ஏறி நின்று பீரோவின் மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். லிஃப்ட்காரர் கீழே நின்று வாங்கிக்கொண்டார். கடைசியில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று வந்தது.

"இதைத் தெரைச்சீலைக் கம்பின்னே நெனச்சிட்டிருந்தேன். சீட்டு இருக்கு பாரு" என்றார் அக்கா.

ஸ்டேஷன் சீட்டு. அம்மாவின் சின்ன, நிமிர்ந்த எழுத்து. தேதி நாற்பத்தெட்டு வருடத்துக்கு முந்தையது. அக்கா முக்காலியில் நின்றபடியே உரக்கப் படித்தார்.

"குடை ஒன்று. கறுப்பு. பொத்தான் வைத்தது. கிடைத்த இடம்: மாலை ரயில், மூன்றாம் பெட்டி, பை வைக்கும் பலகை. உரியவர்: தெரியும். ஒருமுறை வரிசையில் நின்றார், திரும்பிப் போனார். கேட்டு வரவில்லை. ஏலத்தில் எடுத்தவர்: தபால்காரர்."

அடியில் அடையாள வரி மேலே மடிக்கப்பட்டு, குண்டூசி குத்தியிருந்தது.

"அப்பாவை விட்டு ஏலத்துல எடுக்க வச்சிருக்காங்க. ஏன்?" என்றார் அக்கா. "அம்மாகிட்டயும் இப்படி ஒரு பொத்தான் குடை இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? அது எப்பவோ காணாமப் போச்சு. இது யாரோடதா இருக்கும்?"

"தெரியல" என்றார் லிஃப்ட்காரர்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. நாற்பத்தெட்டு வருடம் முன்னால், பதினொரு வயதில், ‘என் குடையைப் பாத்தியாடா?’ என்று அம்மா கேட்டபோது சொன்ன அதே வார்த்தை. குரல்தான் இப்போது பெரிய ஆளின் குரல்.

"பிரிச்சுப் பாத்துடலாமா?" என்றாள் அக்கா மகள்.

"ஊசி குத்தியிருக்குடி. கேட்டு வராம பிரிக்கக் கூடாது."

"பாட்டியே இல்ல. இன்னும் யாரு வந்து கேக்கப் போறா?"

"ஞாயித்துக்கெழமை ஸ்டேஷன் ஆளுங்க எல்லாம் வருவாங்க. மேசையில வைக்கிறேன். யாராவது அடையாளம் சொன்னா குடுப்பேன். இல்லேன்னா திங்கட்கெழமை துணிமணியோட சேர்த்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

லிஃப்ட்காரர் பொட்டலத்தை வாங்கிக் கட்டில்மேல் வைத்தார். காகிதம் ஒரே மடிப்பில் பலமுறை பிரித்து மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பு நூல்போல வெளுத்திருந்தது. அவர் கண் அதைக் குறித்துக்கொண்டது. புத்தி அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அவருக்கு அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரே வரிதான். ஒருமுறை வரிசையில் நின்றார், திரும்பிப் போனார்.

அப்படியானால் அம்மா பார்த்திருக்கிறார்.

நடந்தது இதுதான். அந்தப் பொத்தான் குடையை அப்பா எங்கிருந்தோ தேடிப்பிடித்து அம்மாவுக்கு வாங்கி வந்திருந்தார். பொத்தானை அழுத்தினால் டப்பென்று தானே விரியும். தெருவிலேயே அப்படி ஒன்று கிடையாது. அது எப்படி விரிகிறது என்று தெரியாமல் பையனுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனான். திரும்பும்போது ரயிலில், ஜன்னலோர இருக்கையில், கைப்பிடியின் ஆணியைக் காம்பஸ் முனையால் நெம்பினான். பொத்தானுக்குப் பின்னாலிருந்து மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் துள்ளி, ஜன்னல் வழியாகப் போயே போய்விட்டது.

பையனுக்கு உயிரே இல்லை. பிறகு தன் பேனாவைக் கழற்றி அதிலிருந்த ஸ்பிரிங்கை எடுத்தான். ஒரு சுற்று அதிகம். பல்லால் கடித்து நறுக்கினான். உள்ளே வைத்து ஆணியை அடித்துப் பொத்தானை அழுத்தினான். டப். எதிரே தூங்கிக்கொண்டிருந்தவர் அலறி எழுந்தார். பையன் மடக்கினான், மறுபடி அழுத்தினான். டப். மூன்றாவது தடவையில் பெட்டியே சேர்ந்து திட்டியது. குடையை மேலே பலகையில் போட்டுவிட்டு, வாழ்க்கையிலேயே முதல்முதலாக ஒன்றைச் சரிசெய்துவிட்ட தலைகால் புரியாத சந்தோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ரயில் போனது. குடையும் போனது.

ரயில் போய் நிற்கும் கடைசி ஸ்டேஷன் அம்மாவுடையது. குடை நேராக நான்காம் தட்டுக்குத்தான் போயிருக்கும் என்று அவனுக்கும் தெரியும். போய்க் கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்டால் அடையாளம் சொல்ல வேண்டும். அவனுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் பேனா ஸ்பிரிங். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனால் இன்னொரு குற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதோடு, அடையாளம் அம்மாவின் மகனே பொருளைத் தொலைத்தான் என்று ஸ்டேஷன் முழுக்கத் தெரிந்துபோகும். ஒரு சனிக்கிழமை போய் வரிசையில் நான்காவதாக நின்றான். இரண்டாவதாக வந்ததும் திரும்பிவிட்டான்.

அந்த மழைக்காலம் முழுக்க அம்மா நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். வேறு குடை வாங்கலாமே என்று அப்பா சொன்னார். "வரும், வரும்" என்றார் அம்மா. தலையைத் துவட்டிக்கொண்டே பையனைப் பார்ப்பார். பையன் கணக்கு நோட்டைப் பார்ப்பான். தொலைத்தவனே வந்து கேட்க வேண்டும் என்பது அலுவலக விதி. அம்மாவின் சொந்தக் குடை, அம்மாவின் சொந்தக் கைக்கு எட்டுகிற தட்டில், கேட்டு வராத பொருள்கள் ஏலத்துக்குப் போகிற ஆறாம் மாதம் வரை உலர்ந்து கிடந்தது.

ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. கீழ்த்தள அறை வாசலில் ஒரு வாளியில் வந்தவர்களின் குடைகள் நின்றன. நீலம், சாம்பல், கட்டம் போட்டது. கைப்பிடிகளில் எல்லாம் சீட்டு. ஒவ்வொன்றும் எந்த வருடம் வாங்கியது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். ஆறு வரித் தாள் சட்டைப்பையில் இருந்தது. வெள்ளியும் சனியும் முயன்று அது ஏழு வரி ஆகியிருந்தது.

"நான் கடைசில பேசறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார். தன் கல்யாண மோதிரத்தை ரயிலில் விட்டு, மூன்று நாள் கவுன்ட்டருக்கு நடந்து, உள்ளே பொறித்திருந்த தேதியை ஒவ்வொரு நாளும் தப்பாகவே சொன்ன கதை. "நாலாம் நாள் என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அன்னிக்குப் பட்டது இன்னும் தீரல" என்றார். அவர் மனைவி பக்கத்தில் தலையை ஆட்டி ஆமோதித்தார். மாடி வீட்டுக்காரர் இரவல் குடையைப் பற்றிச் சொன்னார். பல்செட் கதையை இரண்டு பேர் இரண்டு முடிவோடு சொன்னார்கள். அறை கொல்லென்று சிரித்தது. லிஃப்ட்காரரும் சிரித்தார்.

பிறகு அக்கா பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சீட்டைப் படித்தார். "இதுதான் அம்மாகிட்ட இருந்த கடைசிப் பொருள். யாரோடதாவது இருந்தா வந்து சொல்லலாம்."

முன்னாள் டிக்கெட் பரிசோதகர் எழுந்து மேசைக்கு முன்னால் போய் நின்றார். "நல்ல குடை மாதிரி தெரியுது. நானே வாங்கிக்கிறேனே."

"அடையாளம்?"

"கறுப்பு."

"அதான் நானே படிச்சேனே. போய் உக்காருங்கண்ணே."

சிரிப்பு அடங்குவதற்குள் டிக்கெட் பரிசோதகருக்குப் பின்னால் லிஃப்ட்காரர் வந்து நின்றிருந்தார். ஒரு ஆளுக்குப் பின்னால் ஒரு ஆள். வரிசை.

"என்னடா, பேசப் போறியா? இரு, இதை முடிச்சுடறேன்."

"பேச வரலக்கா. கேட்டு வந்திருக்கேன்."

அக்கா அவரைப் பார்த்தார். இடது காது மெல்லச் சிவந்தது. ஆனால் அக்கா முறை தவறவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, என்ன தொலைச்சீங்க?"

"அம்மாவோட குடை."



"எங்க?"

"சாயங்கால ரயில்ல. ஸ்கூல்ல இருந்து வரும்போது. சொல்லாம எடுத்துட்டுப் போனேன். அம்மா கேட்டப்ப தெரியாதுன்னேன். வெள்ளிக்கெழமை நீ கேட்டப்பவும் தெரியாதுன்னேன்." மூச்சு விட்டார். "அந்த மழைக்காலம் பூரா அம்மா நனைஞ்சாங்க இல்ல. அது என்னாலதான்."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்க" என்றார் அக்கா.

"பொத்தானுக்கு உள்ள இருக்கறது குடையோட வந்த ஸ்பிரிங் இல்ல. பேனா ஸ்பிரிங். ஒரு சுத்து கடிச்சு எடுத்திருக்கேன். பல்லுத் தடம்கூட இருக்கும்."

அக்கா குண்டூசியை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். பிரித்தார் என்றால், அது பிரிந்துகொண்டே போனது. அடையாள வரிக்குக் கீழே ஒரு நீளத் தாள் ஒட்டி, மடித்து மடித்து வைத்திருந்தது. அக்கா படித்துவிட்டு அதை லிஃப்ட்காரர் பக்கம் திருப்பினார். கவுன்ட்டர் வழக்கத்தில் அப்படிச் செய்யக் கூடாது. செய்தார்.

முதல் வரி: பொத்தான் உள்ளே பேனா ஸ்பிரிங். கடித்து வைத்தது. நன்றாக வேலை செய்கிறது.

அதற்குக் கீழே தேதிகள். வருடத்துக்கு ஒன்று, மழைக்கு முன்னால். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். லிஃப்ட் பெட்டியின் சுவரில் மாட்டுகிற பரிசோதனை அட்டை மாதிரியே இருந்தது. அவர் அப்படி ஆயிரம் அட்டை நிரப்பியிருக்கிறார். இதில் நாற்பத்தெட்டு டிக்குகள் இருந்தன. கடைசியில் கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. தேதி இந்த வருடத்தது. ஒரு இடத்தில்கூட விடுபடவில்லை. வெள்ளிக்கிழமை கண் குறித்துக்கொண்ட நூல்போன்ற மடிப்பை இப்போது புத்தி எட்டிப் பிடித்தது.

"மாமா, அழுத்திப் பாருங்க" என்றாள் அக்கா மகள்.

காகிதத்தைப் பிரித்து, குடையைக் கையில் எடுத்து, லிஃப்ட்காரர் பொத்தானை அழுத்தினார்.

டப்.

முன்வரிசையில் கண் அயர்ந்திருந்த ஒருத்தர் அலறி எழுந்தார். அறை மறுபடி கொல்லென்று சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் லிஃப்ட்காரர் குடையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்று அழுதார். யாருக்கும் முகம் தெரியவில்லை. குடை நல்ல அகலம்.

அவருடைய பக்கத்தை யாரும் கேட்கவில்லை. அவரும் மறந்துவிட்டார். அக்கா சீட்டின் பின்பக்கம் கையெழுத்து வாங்கினார். லிஃப்ட்காரர் அன்றைய தேதியைச் சரியாக எழுதினார்.

"அவங்க கேட்டிருக்கலாமேடா. ஒரு வார்த்தை" என்றார் அக்கா, எல்லாரும் போன பிறகு டீத் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே.

"வருஷா வருஷம் கேட்டாங்கக்கா. சொல்லு, சொல்லுன்னு. எனக்குத்தான் அது பேச்சுவாக்குல கேக்கறதுன்னு தோணிச்சு."

"நீ என்னைக்காவது சொல்லியிருந்தா?"

"குடுத்திருப்பாங்க."

அக்கா யோசித்தார். "முப்பத்தாறு குடை வந்திருக்காதே."

"வந்திருக்காது."

"மாடி வீட்டுக்காரங்க எல்லாம் நனைஞ்சிருப்பாங்க" என்று அக்கா மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மாலை ரயிலில் லிஃப்ட்காரர் வேலை ஊருக்குத் திரும்பினார். வழி முழுக்கக் குடையை மேலே பலகையில் வைக்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்திருந்தார். ஊர் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைமேடையில் இறங்கினார். குடை கையில்தான் இருந்தது, கைப்பிடி உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது.

இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.